“எல்லாம் பொருந்துது சார்!” – விண்மீனிடை மூலக்கூறு தேடுகிறவர்களுக்கு அறிகுறிவாரியாகப் பிழை நீக்கும் வழி

பாளையங்கோட்டைக் கல்லூரிகளிலும் அபிஷேகப்பட்டியிலும் இயற்பியல் முதுகலை படிக்கிற பிள்ளைகளில் சிலர், புராஜெக்ட்டுக்கு விண்மீனிடை வெளியின் கரிம மூலக்கூறுகளை எடுத்துக்கொள்கிறார்கள். நல்ல தேர்வுதான். தரவு இலவசம், மென்பொருள் இலவசம், சுமாரான லேப்டாப் ஒன்று போதும். சிலி நாட்டில் சுமார் 5,000 மீட்டர் உயரத்தில் 66 ஆண்டெனாக்களோடு இயங்கும் ஆல்மா தொலைநோக்கியின் தரவு, அதைக் கேட்டு வாங்கியவர் கையில் வழக்கமாக ஓராண்டு இருக்கும். அப்புறம் அம்பாசமுத்திரத்தில் உட்கார்ந்துகூட யாரும் இறக்கிக்கொள்ளலாம்.

சிக்கல் இறக்கிய பிறகுதான் ஆரம்பிக்கிறது. “சார், கோடு இருக்கு, ஆனா பொருந்த மாட்டேங்குது” என்று ஒரு கூட்டம் வரும். “எல்லாம் பொருந்துது சார்!” என்று இன்னொரு கூட்டம் வரும். எனக்கு இரண்டாவது கூட்டத்தைப் பார்த்தால்தான் பயம்.

கீழே இருப்பதைப் படிக்க இவ்வளவு தெரிந்தால் போதும். வாயுவில் சுழலும் மூலக்கூறு ஒரு சுழற்சி நிலையிலிருந்து கீழ்நிலைக்கு இறங்கும்போது, தனக்கே உரிய அதிர்வெண்ணில் ரேடியோ அலையை விடும். நிறமாலையில் அது ஒரு கோடாகத் தெரியும். ஆய்வகத்தில் அளந்தும் கணக்கிட்டும் சேர்த்த அந்த அதிர்வெண்கள், கொலோன் பல்கலைக்கழகத்தின் சிடிஎம்எஸ் பட்டியலிலும் நாசாவின் ஜேபிஎல் பட்டியலிலும் கிடைக்கும். தரவிலுள்ள கோடு பட்டியல் அதிர்வெண்ணோடு ஒத்துப்போவதைத்தான் பிள்ளைகள் ‘பொருந்துது’ என்கிறார்கள். கரியோடு சேர்த்து ஆறு அணுக்களாவது இருந்தால் வானியலார் அதைச் சிக்கலான கரிம மூலக்கூறு என்பார்கள். மெத்தனாலுக்குச் சரியாக ஆறு.

கோளாறு எதுவானாலும் சந்தேகப்படும் வரிசையை மாற்றாதீர்கள்: முதலில் உங்கள் அலகுகளும் திசைவேகமும், அடுத்து கருவி, அடுத்து மேகம், கடைசியில்தான் மூலக்கூறு. புது மூலக்கூறு என்ற எண்ணம் முதலிலேயே வந்தால் டீ குடித்துவிட்டு வந்து மறுபடி பாருங்கள்.

எல்லாக் கோடுகளும் ஒரே பக்கம் தள்ளி நிற்கின்றன

இது எளிது. மேகம் நகர்கிறது, டாப்ளர் விளைவு. 100 கிகாஹெர்ட்ஸில் விநாடிக்கு 1 கி.மீ. வேகம் ஏறக்குறைய 0.33 மெகாஹெர்ட்ஸ் நகர்த்தும். பால்வீதி மையத்துக்குப் பக்கத்தில் இருக்கும் சஜிட்டேரியஸ் பி2 மேகம் விநாடிக்குச் சுமார் 64 கி.மீ. வேகத்தில் விலகிப் போகிறது. அதனால் கோடுகள் 21 மெகாஹெர்ட்ஸ் கீழே கிடக்கும். டாரஸ் மேகத்தின் டிஎம்சி-1 பகுதிக்கு 5.8 கி.மீ. தான்.

நகர்வு அதிர்வெண்ணோடு விகிதமாகக் கூடுகிறதா என்று பாருங்கள். 90-இல் 19 மெகாஹெர்ட்ஸ், 110-இல் 23 என்று போனால் அது வேகம்தான். எல்லா இடத்திலும் அதே அளவு மெகாஹெர்ட்ஸ் என்றால் அதிர்வெண் அச்சில் ஏதோ தவறு. வேகத்தைத் திருத்திய பிறகும் 10, 20 கி.மீ. மிச்சம் நின்றால், எந்தச் சட்டகத்தில் வேகம் சொல்லப்பட்டது என்று கோப்பின் தலைப்பில் தேடுங்கள். சூரியனை வைத்து அளந்த வேகத்துக்கும், அக்கம்பக்க விண்மீன்களின் சராசரியை வைத்து அளந்ததற்கும் திசையைப் பொறுத்து 20 கி.மீ. வரை வித்தியாசம் வரும். பூமியை வைத்து அளந்ததென்றால் இன்னும் 30 கி.மீ. வரை ஆடும், அதுவும் மாதத்துக்கு மாதம்.

(சஜிட்டேரியஸ் பி2 இருக்கும் திசையைக் கண்ணால் பார்க்க ஆசைப்பட்டால் டெல்லிக்காரர்களைவிட நமக்கு வசதி. ஆடி மாதம் இரவு ஒன்பது மணி வாக்கில் தெற்கே ஏறத்தாழ 53 பாகை உயரத்தில் நிற்கும். டெல்லியில் 33 தான். சாரல் மேகம் மேற்கிலிருந்து வந்து மூடாமல் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.)

சில கோடுகள் மட்டும் எந்தக் கணக்குக்கும் வராமல் நிற்கின்றன

அகலமான மேடு ஒன்று 110.84 கிகாஹெர்ட்ஸ் பக்கம் இருக்கிறதா? அது நம் தலைக்கு மேலே இருக்கும் ஓசோன். மேகத்தின் வேகத்துக்குத் திருத்தாமல், பூமியின் சட்டகத்தில் வைத்துப் பார்த்தால் தன் இடத்தில் சரியாக உட்காரும்.

நிறமாலையின் அடித்தளமே அலை அலையாகப் போகிறது என்றால், தட்டுக்கும் ஏற்பிக்கும் நடுவே ரேடியோ அலை முன்னும் பின்னும் மோதி எழுப்பும் நிலை அலை அது. ஒற்றைத் தட்டுத் தொலைநோக்கிகளில் அதிகம் வரும். இரண்டு அலைமுகட்டுக்கு இடையே 25 மெகாஹெர்ட்ஸ் என்றால் எதிரொலிக்கும் தூரம் 6 மீட்டர் என்று கணக்குப் போடலாம். அமெரிக்காவின் 100 மீட்டர் கிரீன் பேங்க் தொலைநோக்கியில், தட்டுக்கு நடுவே எதுவும் மறைக்காதபடி ஏற்பியை ஒரு பக்கமாக ஒதுக்கி வைத்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

இன்னொன்று பிம்பப் பட்டை. வானத்து அலையோடு கலக்க ஏற்பி தானே ஒரு ஒப்பீட்டு அலையை உண்டாக்கும், அதுதான் உள்ளலைவு. சில ஏற்பிகள் அதற்கு மேலேயும் கீழேயும் உள்ள இரண்டு பட்டைகளையும் ஒன்றாகக் கலந்துவிடும். ஆல்மாவில் 9, 10ஆம் பட்டைகள் அப்படி. உள்ளலைவு அதிர்வெண்ணை மாற்றி எடுத்த இன்னொரு தரவு இருந்தால், உண்மைக் கோடு தன் இடத்திலேயே நிற்கும், பிம்பக் கோடு நகர்ந்துவிடும்.

இதையெல்லாம் கேட்டால் பிள்ளைகள் உடனே, “நம்ம கிருஷ்ணாபுரத்திலேயே ரேடார் இருக்கே சார், அதுல பாக்க முடியாதா?” என்பார்கள். முடியாது. அது 1.98 மெகாஹெர்ட்ஸில் இயங்கி நம் மேல் வளிமண்டலக் காற்றை அளக்கிறது. ஊட்டியில் இருக்கும் பெரிய ரேடியோ தொலைநோக்கியும் 326.5 மெகாஹெர்ட்ஸுக்குக் கட்டியது. நம் கோடுகளில் பெரும்பாலானவை அதைவிட இருநூறு மடங்குக்கு மேலே, மில்லிமீட்டர் அலையில் இருக்கின்றன. அங்கே காற்றிலுள்ள ஈரம் அலையை உறிஞ்சிவிடும். தாமிரபரணி ஓடுகிற ஊரில் அந்த வேலை நடக்காது, அடகாமா பாலைவனம்தான் சரி.

ஒரு கோடு இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு

மூன்று காரணம் உண்டு. முதலாவது, பார்வைக் கோட்டில் இரண்டு மேகங்கள். சஜிட்டேரியஸ் பி2-வின் வடக்குப் பகுதியிலேயே 5 ஆர்க்செகண்ட் (ஒரு ஆர்க்செகண்ட் என்பது பாகையில் 3,600-இல் ஒரு பங்கு) இடைவெளியில் இரண்டு சூடான கருக்கள், அதாவது விண்மீன் பிறக்கும் அடர்ந்த வாயுத் திரள்கள், இருக்கின்றன. இரண்டின் வேகத்துக்கும் சுமார் 10 கி.மீ. வித்தியாசம். இரண்டாவது, மெத்தில் முனை, அதாவது ஒரு கரியும் மூன்று ஹைட்ரஜனும் சேர்ந்த நுனி. மெத்தில் ஃபார்மேட், அசிட்டால்டிஹைடு போன்றவற்றில் அந்த முனை தனியாகச் சுற்றுவதால் ஒவ்வொரு நிலையும் ஏ, ஈ என்று இரண்டாகப் பிரியும். மெத்தில் ஃபார்மேட்டில் இந்த ஜோடி ஏறக்குறைய சம உயரத்தில் நிற்பதால் அதை அடையாளம் காணவே இது உதவும். மூன்றாவது, நைட்ரஜன் அணுக்கரு ஏற்படுத்தும் நுண்பிரிவு. ஹைட்ரஜன் சயனைடின் 88.63 கிகாஹெர்ட்ஸ் கோடு மூன்றாகப் பிரிந்து 3:5:1 என்ற விகிதத்தில் இருப்பது பாடப்புத்தக உதாரணம்.

எது என்று பிரித்தறிய, மெத்திலும் நைட்ரஜனும் இல்லாத ஒரு மூலக்கூறை அதே இடத்தில் எடுத்துப் பாருங்கள். ஃபார்மால்டிஹைடு போதும். அதுவும் இரண்டாக இருந்தால் மேகங்கள் இரண்டு.

கோடு கீழ்நோக்கி விழுகிறது

பயப்பட வேண்டாம், இது உறிஞ்சல். பின்னால் பிரகாசமாக ஏதாவது இருந்தால் முன்னால் உள்ள குளிர்ந்த வாயு அதிலிருந்து வெட்டி எடுக்கும். ஐஆர்ஏஎஸ் 16293 என்ற இளம் விண்மீன் கூட்டத்தின் ‘பி’ பகுதியில் நடுப்புள்ளியில் தூசியே அவ்வளவு பிரகாசம், கோடுகள் கவிழ்ந்துவிடும். அங்கே ஆய்வு செய்பவர்கள் மையத்தை விட்டு அரை ஆர்க்செகண்ட் தள்ளித்தான் நிறமாலையை எடுக்கிறார்கள். நீங்களும் கொஞ்சம் தள்ளி எடுங்கள், கோடுகள் நிமிர்ந்துவிடும்.

பின்னால் ஒன்றுமே இல்லாத இருண்ட மேகத்திலும் ஃபார்மால்டிஹைடின் 4.83 கிகாஹெர்ட்ஸ் கோடு கீழே விழும். மோதல்கள் அந்த மூலக்கூறைப் பிரபஞ்சப் பின்னணியின் 2.7 கெல்வினைவிடக் குளிரான நிலைக்கு இறக்கிவிடுவதால், அந்தப் பின்னணி ஒளியையே அது விழுங்குகிறது. 1969-இல் லூயிஸ் ஸ்னைடரும் கூட்டாளிகளும் விண்மீனிடை வெளியில் முதன்முதலாகக் கண்டுபிடித்த கரிமச் சேர்மம் இதுதான், அதுவும் இதே கோட்டின் வழியாக. ஸ்னைடர் பெயரை நினைவில் வையுங்கள், பின்னால் மறுபடி வருவார்.

ஆனால் கோடுகளுக்கு நடுவே உள்ள தரை முழுவதும் பூஜ்யத்துக்குக் கீழே கிடந்தால் அது உறிஞ்சல் அல்ல. கோடுகளுக்கு அடியில் எல்லா அதிர்வெண்ணிலும் பரவி வரும் தொடர் ஒளியைக் கழிக்கும்போது அதிகமாகக் கழித்துவிட்டீர்கள். கோடு நெருக்கமான நிறமாலையில் கோடில்லாத இடம் என்று கண்ணால் தேர்ந்தெடுப்பது கஷ்டம். ஸ்டாட்கான்ட் போன்ற மென்பொருளைப் பயன்படுத்துங்கள்.

சிறிய கோடுகளுக்குப் பொருந்தும் மாதிரி, பெரிய கோடுகளில் ஓங்கி நிற்கிறது

மாதிரி என்று சொல்வது, நீங்கள் கொடுத்த வெப்பநிலைக்கும் மூலக்கூறு எண்ணிக்கைக்கும் கணினி வரைந்து தரும் நிறமாலையை. இது மூலக்கூறு அதிகம் என்பதால் வரும் கோளாறு. மெத்தனால் போல நிறைந்து கிடக்கும் பொருளில் ஒளி உள்ளேயே சிக்கிக்கொள்ளும். ஒரு அளவுக்கு மேல் கோடு வளராது, உச்சி தட்டையாகிவிடும். அந்தக் கோடுகளை விட்டுவிட்டு, கார்பன்-13 உள்ள மெத்தனாலை அளந்து பெருக்குங்கள். பெருக்கும் எண் இடத்துக்கு இடம் மாறும்: சூரியனின் சுற்றுப்புறத்தில் கார்பன்-12க்கும் 13க்கும் விகிதம் சுமார் 68, பால்வீதி மையத்தில் 20 முதல் 25. எண்ணை மாற்றிப் போட்டால் மூன்று மடங்கு தப்பு.

இதற்கு நேர்மாறாக, ஒரே ஒரு மெத்தனால் கோடு மட்டும் மாதிரியைத் தாண்டி வானத்துக்கு எகிறினால் மேசர் என்று சந்தேகப்படுங்கள், அதாவது லேசர் போல ரேடியோ அலை பெருகி வருவது. 6.7, 44, 84.52, 95.17 கிகாஹெர்ட்ஸ் கோடுகள் இதற்குப் பேர் போனவை. அவற்றை வெப்பநிலைக் கணக்கில் சேர்க்கவே கூடாது.

வெப்பநிலை நம்பும்படி வரவில்லை

சுழற்சி வரைபடம் போட்டிருப்பீர்கள்: கிடை அச்சில் மேல்நிலை ஆற்றல், நெடு அச்சில் அந்த நிலையில் உள்ள எண்ணிக்கையின் மடக்கை, சாய்விலிருந்து வெப்பநிலை. சூடான கருவில் 150 கெல்வின் எதிர்பார்த்து 104 வருகிறதா? பட்டியலில் ஆற்றல் கெல்வினில் இல்லை, செ.மீ.க்கு எத்தனை அலை என்ற அலகில் இருக்கிறது. 1.4388-ஆல் பெருக்க வேண்டும். 345 வருகிறதா? இயல் மடக்கைக்குப் பதில் பத்தடி மடக்கை போட்டிருக்கிறீர்கள். 2.303-ஆல் வகுத்தால் 150 வந்துவிடும்.

இன்னொரு கண்ணி, பட்டியலில் இருப்பது கீழ்நிலை ஆற்றல். மேல்நிலைக்குக் கோட்டின் ஆற்றலையும் கூட்ட வேண்டும். 230 கிகாஹெர்ட்ஸில் அது 11 கெல்வின். சூடான கருவில் இதை மறந்தால் பெரிதாகத் தெரியாது, பத்து கெல்வினில் இருக்கும் டிஎம்சி-1-இல் கணக்கு கவிழும்.

புள்ளிகள் ஒரே நேர்கோட்டில் வராமல் வளைந்தால் முந்தைய பகுதிக்குப் போங்கள். தடித்த கோடுகள் தாழ்ந்து விழுந்து வெப்பநிலையைக் கூட்டிக் காட்டும். அதுவும் இல்லையென்றால் மேகத்தில் இரண்டு வெப்பநிலை இருக்கலாம்.

எல்லாம் பொருந்துகிறது

இங்கேதான் நிதானம் வேண்டும்.

ஐஆர்ஏஎஸ் 16293-ஐ ஆல்மா 329 முதல் 363 கிகாஹெர்ட்ஸ் வரை அளந்தபோது சுமார் பத்தாயிரம் கோடுகள் வந்தன. சராசரியாக 3.4 மெகாஹெர்ட்ஸுக்கு ஒன்று. நீங்கள் ஒரு மெகாஹெர்ட்ஸ் முன்னே பின்னே இருந்தாலும் பரவாயில்லை என்று ஒத்துக்கொள்கிறீர்கள் என்று வையுங்கள். அப்படியானால் கண்ணை மூடிக்கொண்டு ஏதாவது ஒரு எண்ணைச் சொன்னாலும் நூற்றுக்கு நாற்பத்து நாலு தடவை அங்கே ஒரு கோடு இருக்கும். ஐந்து கோடுகள் தற்செயலாக ஒத்துப்போக வாய்ப்பு நூற்றுக்கு ஒன்றரைக்குக் கொஞ்சம் மேல். குறைவுதானே என்று தோன்றும். ஆனால் பட்டியலில் ஆயிரம் பதிவுகளை ஒவ்வொன்றாகச் சோதித்தால், அங்கே இல்லாத மூலக்கூறுகளில் பதினாறாவது ஐந்துக்கு ஐந்து வாங்கிக்கொண்டு வந்து நிற்கும்.

திருநெல்வேலி ஜங்ஷன் பஸ் ஸ்டாண்டில் நின்று “ஏலே சுடலை!” என்று கூப்பிட்டால் பத்துப் பேர் திரும்புவார்கள். அப்பா பேர், ஊர், தெரு எல்லாம் ஒத்து வந்தால்தான் நீங்கள் தேடி வந்த சுடலை.

எனவே பொருந்தின கோடுகளை எண்ணுவதை நிறுத்திவிட்டு, இருக்க வேண்டி இல்லாமல் போன கோடுகளைத் தேடுங்கள். காஸிஸ் போன்ற மென்பொருளில் உங்கள் வெப்பநிலையையும் எண்ணிக்கையையும் கொடுத்து, அந்த மூலக்கூறின் முழு நிறமாலையையும் உங்கள் தரவின் மேல் வரையுங்கள். மாதிரி உயரமாகக் காட்டும் ஏதாவது ஒரு இடத்தில் தரவு வெறுமையாக இருந்தால் கதை முடிந்தது. இருபது கோடு பொருந்தினாலும் அந்த ஒரு வெறுமைதான் தீர்ப்பு. தரவு மாதிரியைவிட உயரமாக இருந்தால் கவலையில்லை, வேறு மூலக்கூறும் அங்கே கலந்திருக்கலாம்.

இது வெறும் எச்சரிக்கை இல்லை, நடந்த கதை. 2003-இல் யி-ஜெங் குவானும் குழுவினரும் மிக எளிய அமினோ அமிலமான கிளைசினைக் கண்டுபிடித்ததாக அறிவித்தார்கள். சஜிட்டேரியஸ் பி2, ஓரியன், டபிள்யூ51 என்று மூன்று இடங்கள், மொத்தம் 27 கோடுகள். 2005-இல் ஸ்னைடர், அதே ஃபார்மால்டிஹைடு ஸ்னைடர்தான், தன் குழுவோடு அதைச் சரிபார்த்தார். அந்த 27 கோடுகள் கிளைசினுடையவை என்றால் கட்டாயம் கூடவே இருந்தாக வேண்டிய வேறு முக்கியக் கோடுகள் இல்லை. அறிவிப்பு நிற்கவில்லை. வால்மீன்களில் கிளைசின் கிடைத்திருக்கிறது. ஸ்டார்டஸ்ட் விண்கலம் கொண்டுவந்த வைல்ட் 2 தூசியிலும், ரோசெட்டா ஆராய்ந்த 67பி வால்மீனிலும் உண்டு. விண்மீனிடை வெளியில் உறுதியாக இன்னும் இல்லை.

ஸ்னைடர் குழு அன்று கேட்ட கேள்விகளை அப்படியே உங்கள் மேசையில் ஒட்டி வைக்கலாம். ஆய்வக அதிர்வெண் துல்லியமானதா, அல்லது கணக்கில் நீட்டிச் சொன்னதா? எல்லாக் கோடுகளும் ஒரே வேகத்தைக் காட்டுகின்றனவா? கோடுகளின் உயர விகிதம் ஒரே வெப்பநிலைக்கு ஒத்துவருகிறதா? தொலைநோக்கியின் கற்றை, அதாவது அது ஒரே சமயத்தில் பார்க்கும் வட்டம், மேகத்தைவிடப் பெரிதென்றால் அதனால் நீர்த்துப்போனதைக் கணக்கில் எடுத்தீர்களா? ஆற்றல் நிலைகளால் ஒன்றோடொன்று இணைந்த கோடுகள் எல்லாம் வந்திருக்கின்றனவா?

நான் இதோடு ஒன்று சேர்ப்பேன்: கோடுகள் ஒரே இடத்திலிருந்து வருகின்றனவா? ஆல்மா தரவில் ஒவ்வொரு கோட்டுக்கும் தனிப்படம் போடலாம். ஒரு கோடு கருவின் நடுவிலும் இன்னொன்று ஓரத்திலும் பிரகாசித்தால் இரண்டும் ஒரே மூலக்கூறின் கோடுகளா என்று திரும்ப யோசியுங்கள்.

குறைந்த கோடுகளை வைத்து நிறுவவே முடியாது என்றும் நினைக்க வேண்டாம். 2016-இல் புரொப்பிலீன் ஆக்சைடு, அதாவது விண்மீனிடை வெளியில் கிடைத்த முதல் இடவல வடிவ மூலக்கூறு (இடது கை, வலது கை போல ஒன்றுக்கொன்று கண்ணாடிப் பிம்பமான இரு வடிவம் கொண்டது), 12 முதல் 14 கிகாஹெர்ட்ஸ் வரையிலான மூன்றே கோடுகளின் வழியாக நிறுவப்பட்டது. அந்தப் பகுதியில் நெருக்கடி குறைவு, அதனால் மூன்று போதுமானதாக இருந்தது. கூட்டம் பெருத்த 340 கிகாஹெர்ட்ஸில் மூன்றை வைத்துக்கொண்டு ஒன்றும் சொல்ல முடியாது.

இருக்க வேண்டிய மூலக்கூறு, கோடே இல்லை

சேனல் அகலத்தை, அதாவது நிறமாலையில் ஒரு புள்ளி அடைக்கும் அதிர்வெண் இடைவெளியை, பாருங்கள். டிஎம்சி-1-இல் கோட்டின் அகலம் விநாடிக்கு 0.3 கி.மீ. அளவுக்குக்கூட இருக்கும், 30 கிகாஹெர்ட்ஸில் அது 30 கிலோஹெர்ட்ஸ். 488 கிலோஹெர்ட்ஸ் சேனலில் அதைத் தேடினால் கரைந்து காணாமல் போகும். ஆல்மாவில் உண்மைப் பிரிதிறன் சாதாரணமாகச் சேனல் அகலத்தைப்போல் இரு மடங்கு என்பதையும் மறக்க வேண்டாம்.

மேகம் பரந்து கிடந்தால் ஆண்டெனா வரிசை அந்தப் பரப்பை வடிகட்டி எறிந்துவிடும். படத்தில் பிரகாசத்தைச் சுற்றி எதிர்மறைப் பள்ளம் தெரிந்தால் அதுதான் அடையாளம். சிறிய ஆண்டெனாக்களில் எடுத்த தரவையும் சேர்க்க வேண்டும்.

எல்லாம் சரி, ஆனாலும் கோடுகள் இரைச்சலுக்குள் புதைந்திருக்கின்றன என்றால், பல கோடுகளை ஒரே வேக அச்சில் அடுக்கிச் சராசரி எடுக்கலாம். 2021-இல் டிஎம்சி-1-இல் சயனோநாப்தலீனை உறுதிசெய்ய இந்த வழி உதவியது. கோடு நெருக்கமான இடத்தில் இதைச் செய்யாதீர்கள். பக்கத்து வீட்டுக் கோடெல்லாம் கூட்டத்தில் சேர்ந்துவிடும்.

எந்தப் பட்டியலிலும் இல்லாத கோடு

முதலில் அங்கே ஏற்கெனவே நிறைந்திருக்கும் மூலக்கூறுகளின் ஐசோடோப் வடிவங்களையும் அதிர்வுக் கிளர்ச்சி நிலைகளையும் சோதியுங்கள். மெத்தனால், எத்தில் சயனைடு இரண்டும் இதில் பெரிய ஆட்கள். அனாதைக் கோடுகளில் நிறைய இங்கேயே வீடு சேர்ந்துவிடும்.

மிச்சமிருப்பதை அழித்துவிடாதீர்கள். 1970-இல் ஸ்னைடரும் டேவிட் புலும் 89.19 கிகாஹெர்ட்ஸில் யாருக்கும் தெரியாத கோடு ஒன்றைப் பார்த்து, ‘எக்ஸோஜென்’ என்று தற்காலிகப் பெயர் வைத்துப் பதிந்தார்கள். வில்லியம் கிளெம்பெரர் அது எச்சிஓ நேரயனி என்று அதே ஆண்டு ஊகித்தார். ஆய்வகத்தில் அது உறுதியானது 1975-இல்தான். அதனால் புராஜெக்ட் அறிக்கையின் பின்னிணைப்பில் ஒரு அட்டவணை போடுங்கள்: அடையாளம் தெரியாத கோட்டின் ஓய்வு அதிர்வெண் (மேகத்தின் நகர்வைத் திருத்திய பின் வருவது), அதைக் கணக்கிட எடுத்துக்கொண்ட மேகத்தின் வேகம், உயரம், அகலம், பிரகாசிக்கும் இடம். வேகத்தை எழுதாமல் அதிர்வெண்ணை மட்டும் எழுதினால் அடுத்தவருக்கு அந்த அட்டவணை உதவாது.